புதிய மோனோஃபின் நமக்குப் பொருந்துகிறதா என்று குளத்தில் எப்படிக் கண்டறிவது?

ஓராண்டுக்கும் மேலாக நீளமான இரட்டைத் துடுப்புகளுடன் குளத்தில் மூச்சடக்கி நீந்திப் பழகி, 75 மீட்டரை நிதானமாகக் கடக்கும் நிலைக்கு வந்துவிட்டதாகவும், அண்மையில் நடுத்தர விறைப்புள்ள கண்ணாடியிழை மோனோஃபின் (இரண்டு பாதங்களும் ஒரே அகன்ற தகட்டில் பொருந்தும் துடுப்பு) ஒன்றை வாங்கி இரண்டு முறை போட்டுப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேகம் வியப்பாக இருந்தது, ஆனால் சிறிது நேரத்திலேயே கால்விரல்கள் மரத்துப்போயின, தொடைகள் முன்பைவிடச் சீக்கிரம் கனத்தன, மறுநாள் காலையில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆகவே இன்னும் மென்மையான தகடாக மாற்றிக்கொள்ள வேண்டுமா, பழகப் பழகச் சரியாகிவிடுமா, தூரம் எப்போது கூடும் என்பவை உங்கள் கேள்விகள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன்: இப்போது படும் சிரமத்தில் எது துடுப்பின் குறை, எது உடம்பு இன்னும் பழகாததால் வருவது, எது நீந்தும் முறையில் உள்ள பிழை என்று எப்படிப் பிரித்தறிவது? அதற்குத்தான் இங்கே விடை எழுத முயல்கிறேன். அந்தப் பிரிப்பு முடியும் வரை தூரத்தைப் பற்றிய கேள்வியை ஒதுக்கி வையுங்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கான காரணம் உங்கள் பாதுகாப்போடு தொடர்புடையது. கீழே விரிவாகச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளாகக் குளத்தில் மூச்சடக்கு நீச்சல் கற்பித்து வருகிறேன். இரட்டைத் துடுப்பிலிருந்து மோனோஃபினுக்கு மாறுபவர்களின் முதல் வாரங்களை அருகிலிருந்து கவனித்திருக்கிறேன். நான் சொல்லப்போவதில் நீரின் இயற்பியலும், மூச்சடக்கும்போது உடம்பில் நடப்பவையும் ஐயத்துக்கு இடமில்லாதவை. பாத உறையின், அதாவது துடுப்பில் பாதத்தை நுழைக்கும் பகுதியின், பொருத்தம் பற்றியவை பயிற்சியில் திரும்பத் திரும்ப உறுதிப்பட்டவை. தகட்டின் விறைப்பு, பாத உறையின் கோணம், உதைக்கும் முறை ஆகியவை பற்றிச் சொல்பவை என் கணிப்புகள்; தேர்ந்த பயிற்றுநர்களே இவற்றில் ஒருவருக்கொருவர் வேறுபடுகிறார்கள். உங்களை நீருக்குள் பார்க்காமல் இந்த மூன்றாம் வகையில் முடிவான தீர்ப்பு எதையும் யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

முதலில், மோனோஃபின் ஏன் சிக்கனமானது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம், ஏனெனில் அந்தக் காரணம் புரிந்தால் பாதிக் கேள்விகள் தாமாகவே அவிழ்ந்துவிடும். நீந்துபவர் முன்னே செல்வது நீரைப் பின்னே தள்ளுவதால்தான். ஒரே அளவு உந்துவிசையைக் கொஞ்சம் நீரை வேகமாகத் தள்ளியும் பெறலாம், நிறைய நீரை மெதுவாகத் தள்ளியும் பெறலாம். ஆனால் தள்ளப்பட்ட நீரோடு வீணாகப் போகும் ஆற்றல் அந்த நீரின் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், நிறைய நீரை மெதுவாகத் தள்ளுவதே லாபம். மோனோஃபினின் அகன்ற தகடு செய்வது அதைத்தான். அந்த லாபம் எப்போது கரைந்துபோகும் என்பதும் இதே கணக்கில் இருக்கிறது. நீரின் எதிர்ப்பு நம் வேகத்தின் இருமடியாகவும், அதை வெல்லத் தேவைப்படும் திறன் மும்மடியாகவும் உயர்கின்றன. வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் 75 மீட்டர் செல்ல 75 வினாடி ஆகும். வேகத்தை 10 விழுக்காடு கூட்டினால் ஏறத்தாழ 7 வினாடி மிச்சமாகும், ஆனால் எதிர்ப்பு 21 விழுக்காடும் தேவைப்படும் திறன் 33 விழுக்காடும் கூடிவிடும். நீங்கள் வியந்த அந்த வேகமும், தொடைகள் சீக்கிரம் கனத்ததும் ஒரே செலவுக் கணக்கின் இரண்டு வரிகள். துடுப்பு தரும் லாபத்தை முழுவதும் வேகமாக மாற்றிச் செலவழித்திருக்கிறீர்கள். பழைய வேகத்திலேயே நீந்தி, உதைகளைக் குறைத்துப் பார்த்த பிறகுதான் தொடைக் கனத்தைத் தகட்டின் மேல் சுமத்தலாம்.

இந்தத் துடுப்பின் வரலாறும் இங்கே கொஞ்சம் உதவும். மோனோஃபின் 1970-களில் துடுப்பு நீச்சல் போட்டிகளில் வளர்ந்த கருவி. அது விரைவுக்கான விளையாட்டு. மூச்சடக்கு நீச்சலில் டைனமிக் பிரிவுக்கு, அதாவது ஒரே மூச்சில் நீருக்கடியில் கிடைமட்டமாகக் கடக்கும் தூரத்தை அளக்கும் பிரிவுக்கு, அது பின்னர் வந்து சேர்ந்தது. ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் 2016-இல் பன்னாட்டு மூச்சடக்கு நீச்சல் அமைப்பான ஐடா நடத்திய உலகப் போட்டியில் மத்தேயூஷ் மலினாவும் யோர்கோஸ் பனயோதாகிசும் ஒரே மூச்சில் 300 மீட்டர் கடந்தது இந்தப் பிரிவில்தான். ஆனால் விரைவுப் போட்டியாளர்களின் காணொளிகளைப் பார்த்து, பெரிய அலையாக உடம்பை வளைத்து இடைவிடாமல் உதைக்கப் பழகுபவர்கள் பலர். ஆக்சிஜனைச் சேமிக்க வேண்டிய நமக்கு அந்த முறை ஒத்துவராது. நீங்கள் எந்தக் காணொளியைப் பார்த்து உதைக்கக் கற்றீர்கள் என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இனி கால்விரல்களுக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய அறிகுறிகளில் நான் மிகவும் பொருட்படுத்துவது இதைத்தான், ஏனெனில் மோனோஃபினில் பாத உறை சரியாக அமையாவிட்டால் மற்ற எதையும் மதிப்பிட முடியாது. இரட்டைத் துடுப்பில் ஒவ்வொரு காலும் தன் போக்கில் கொஞ்சம் திரும்பி, நெகிழ்ந்து இடம் தேடிக்கொள்ளும். மோனோஃபினில் இரண்டு பாதங்களும் ஒரே தகட்டில் பிணைக்கப்பட்டிருப்பதால் அந்தச் சலுகை கிடையாது. தகட்டின் முழுச் சுமையும் பாதத்தின் மேற்புறத்திலும் விரல் முனைகளிலும் இறங்குகிறது. நன்றாகப் பொருந்திய உறையில் குதிகால் மேலும் கீழும் ஆடாது, பாதம் பக்கவாட்டில் வழுக்காது, ஆனால் விரல்களை உள்ளே சற்று அசைக்க முடியும். போட்ட சில நிமிடங்களுக்கு இறுக்கமாகத் தோன்றிப் பிறகு மறந்துபோனால் அது சரியான இறுக்கம். விரல்கள் மரத்துப்போவது நரம்போ குருதி ஓட்டமோ நசுங்குவதன் அறிகுறி. பழகப் பழகச் சரியாகும் என்று அதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. குளிர்ந்த நீரில் விரல்கள் குளிரால் மரத்துப்போவதும் உண்டு என்பதால், ஒரு நாள் துடுப்பைப் போட்டுக்கொண்டு நீந்தாமல் குளத்தின் ஓரத்தில் 10 நிமிடம் கால்களை நீருக்கு வெளியே நீட்டி உட்கார்ந்து பாருங்கள். உதைக்காமலே மரத்துப்போனால் உறை சிறியது. உதைக்கும்போது மட்டும் வலித்தால், உறை சற்றுப் பெரிதாக இருந்து பாதம் முன்னே தள்ளப்பட்டு விரல்கள் முனையில் மோதுகின்றனவா என்று பாருங்கள். தளர்ந்த உறையும் வலி தரும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

உறை சிறிதளவு தளர்வாக இருந்தால் மெல்லிய நியோப்ரீன் காலுறை அதைச் சரிசெய்துவிடும், 1.5 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனில் அவை கிடைக்கின்றன. சிறிதளவு இறுக்கமாக இருந்தால், காலுறையைக் கழற்றிவிட்டு வெறும் பாதத்தில் நீரோ சோப்புக் கரைசலோ தடவி மாட்டிப் பார்க்கலாம். ரப்பர் உறையை வெந்நீரில் சற்று நேரம் வைத்து நெகிழச் செய்து, காலுறையோடு பாதத்தை நுழைத்து ஆறவிட்டு வடிவம் கொடுப்பவர்களும் உண்டு. அது அரை அளவு வித்தியாசத்துக்கு உதவும், அதற்கு மேல் உதவாது, தயாரிப்பாளர் அனுமதிக்காத உறையில் இதைச் செய்யவும் கூடாது. கண்ணாடியிழைத் தகட்டை வெந்நீரில் படவிடாதீர்கள். இரண்டு பாதங்களுக்கும் இடையே அளவில் வேறுபாடு இருப்பது இயல்பு என்பதால் பெரிய பாதத்துக்கு அளவெடுத்து, சிறிய பாதத்துக்கு மட்டும் காலுறை போடுவதில் தவறேதும் இல்லை. இவ்வளவும் செய்த பிறகும் மரத்துப்போனால் உறையை மாற்றுங்கள். தகடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தத் துடுப்பு உங்களுக்கு உரியதல்ல.

இடுப்பு வலியைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது, அதற்கு மூன்று காரணங்கள் இருக்கக்கூடும், மூன்றும் ஒருங்கே இருக்கவும் கூடும். நான் முதலில் ஐயப்படுவது தோள்களை. மோனோஃபினில் இரண்டு கைகளும் தலைக்கு முன்னே நீண்டு, ஒரு கையின் மேல் மறு கை படிந்து, மேற்கைகள் காதுகளை ஒட்டி இருக்க வேண்டும். தோள் மூட்டு அந்த அளவுக்குத் திறக்காதவர்கள் கைகளை நேராக்கும் முயற்சியில் தங்களை அறியாமலே கீழ்முதுகை வளைத்துவிடுவார்கள். அந்த வளைவோடு நூற்றுக்கணக்கான உதைகள் உதைத்தால் மறுநாள் இடுப்பு பிடித்துக்கொள்வது இயல்பு. இதைக் கண்டறிய நீர் தேவையில்லை. சுவரில் முதுகை ஒட்டி நின்று, கீழ்முதுகு சுவரைவிட்டு விலகாமல் இரண்டு கைகளையும் மேலே உயர்த்திச் சுவரைத் தொட முயலுங்கள். தொட முடியவில்லை என்றால், அல்லது தொடும்போது இடுப்புக்குப் பின்னால் இடைவெளி விழுந்தால், தோள்களை நெகிழச் செய்யும் பயிற்சியே உங்களுக்கு முதல் மருந்து. அது கைகூடும் வரை கைகளை முழுவதுமாகப் பூட்டாமல் சற்று அகட்டி வைத்து நீந்துங்கள். எதிர்ப்பு கொஞ்சம் கூடும், முதுகு தப்பிக்கும்.

இரண்டாவது காரணம் உதை எங்கிருந்து தொடங்குகிறது என்பது. முழங்கால்களை மடக்கி, தகட்டைக் கீழ்நோக்கி அடிப்பது இரட்டைத் துடுப்பிலிருந்து வருபவர்கள் பெரும்பாலோர் செய்வது. மோனோஃபினில் அசைவு மார்புக்குக் கீழே மிகச் சிறியதாகத் தொடங்கி, இடுப்பில் வளர்ந்து, தொடை வழியாகத் தகட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். கைகளும் தலையும் ஏறக்குறைய அசையாமல் இருக்க வேண்டும். கீழ்நோக்கிய உதைக்குத் தரும் கவனத்தை மேல்நோக்கிய உதைக்கும் தர வேண்டும். தொடையின் பின்தசைகளும் பிட்டத் தசைகளும் அங்கேதான் வேலை செய்கின்றன. மேல்நோக்கிய உதையில் பிட்டத் தசைகள் வேலை செய்யாதபோது கீழ்முதுகு அந்த வேலையை இழுத்துப்போட்டுக்கொள்கிறது. மூன்றாவது காரணம்தான் நீங்கள் ஐயப்பட்டது: தகடு உங்கள் உடம்புக்கு மிஞ்சிய விறைப்பு. ஆனால் முதல் இரண்டும் சரியாகாத நிலையில் இதைச் சோதிக்கவே வழியில்லை, ஏனெனில் தவறான உதைக்கு எந்தத் தகடும் விறைப்பாகத்தான் தோன்றும். ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வலி இடுப்பில் நிற்காமல் காலுக்குள் இறங்கினாலோ, மரத்துப்போதலோடு வந்தாலோ, சில நாள் ஓய்வில் தணியாமல் போனாலோ, துடுப்பைப் பற்றிய யோசனையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

விறைப்பைப் பற்றி என் கணிப்பு இது. நீண்ட தூரத்தை நிதானமாக நீந்த விரும்புபவருக்கு, நடுத்தரத்துக்கும் மென்மைக்கும் இடையே தடுமாற்றம் வந்தால் மென்மையையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். மென்மையான தகடு சிறிய உதைக்கும் வளைந்து கொடுக்கும். நீந்தும் முறையில் இருக்கும் பிழையை மன்னிக்கும். தொடையில் லாக்டிக் அமிலம் சேர்வதைத் தள்ளிப்போடும். விறைத்த தகடு ஒவ்வொரு உதைக்கும் அதிக தூரம் தரும், ஆனால் அதை முழுவதும் வளைக்கும் வலிமையும் நேரமறிந்து உதைக்கும் திறமையும் இருந்தால்தான். ஒரு தயாரிப்பாளரின் நடுத்தரம் மற்றொருவரின் மென்மையாக இருக்கலாம், பொது அளவுகோல் எதுவும் இல்லை. எனவே பெயரை நம்பாமல், கனமான ஒருவரின் உடம்புக்கும் மெலிந்த மற்றொருவரின் உடம்புக்கும் ஒரே தகடு வேறாக நடந்துகொள்ளும் என்பதையும் மறக்காமல், காணொளியில் தகட்டின் வளைவைப் பாருங்கள். இயல்பான வேகத்தில் உதைக்கும்போது தகடு தெளிவாக வளைந்து மீள வேண்டும். தகடு வளையாமல் முழங்கால் மட்டுமே மடங்குவது தெரிந்தால், அந்த உதைக்கு அந்தத் தகடு மிஞ்சியது. பாத உறைகள் தகட்டோடு கோணத்தில் சாய்ந்திருக்கும் வகையை வாங்கியிருக்கிறீர்களா, நேரான வகையா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. கோணம் இருந்தால் கணுக்கால் முழுவதும் நீள வேண்டிய தேவை குறையும். கணுக்கால் விறைப்பாக உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி. நேரான வகையில் கணுக்கால் நீளாவிட்டால் தகடு எப்போதும் கீழே தொங்கி எதிர்ப்பைக் கூட்டிக்கொண்டே இருக்கும்.

பலர் கவனிக்காமல் விடுவது மிதப்புச் சமநிலை. இரட்டைத் துடுப்புக்கு அமைத்த கழுத்து எடை (மிதப்பைச் சரிசெய்யக் கழுத்தில் அணியும் எடை) மோனோஃபினுக்கு அப்படியே பொருந்தும் என்று எண்ண வேண்டாம். சில மோனோஃபின்கள் கால்களைக் கீழே இழுக்கும், சில மேலே தூக்கும். ஆழமும் கணக்கில் வரும். மேற்பரப்பில் 6 லிட்டர் காற்று நிறைந்த நுரையீரல் 1 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 5.45 லிட்டராகவும், 2 மீட்டரில் 5 லிட்டராகவும் சுருங்குகிறது. அதாவது 1 மீட்டருக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேலாகவும், 2 மீட்டருக்கு 1 கிலோவாகவும் மிதப்பு குறைகிறது. ஆகவே நீங்கள் உண்மையில் நீந்தும் ஆழத்தில்தான் சமநிலை பார்க்க வேண்டும். சுவரைத் தள்ளிவிட்டு, உதைக்காமல், கைகளை நீட்டியபடி வழுக்கிச் செல்லுங்கள். நிற்கும் தறுவாயில் உடம்பு மேலே எழுகிறதா, கீழே அமிழ்கிறதா, கால்கள் மட்டும் இறங்குகின்றனவா என்பதைத் துணையாள் பார்த்துச் சொல்லட்டும். கால்கள் மட்டும் இறங்கினால் கழுத்து எடையைக் கொஞ்சம் கூட்டுங்கள். முழு உடம்பும் அமிழ்ந்தால் குறையுங்கள். 200, 300 கிராம் அளவில் மாற்றிப் பார்ப்பது நல்லது. கழுத்து எடை ஒரே இழுப்பில் கழன்றுவிடுவதாக இருக்க வேண்டும். சமநிலை தவறிய உடம்பை நேராக வைத்திருக்க ஒவ்வொரு உதையிலும் கொஞ்சம் வீணாகும், இடுப்பும் அதற்குக் கூலி கொடுக்கும்.

தூரத்தை ஒதுக்கி வைக்கச் சொன்னதன் காரணத்தை இப்போது சொல்கிறேன். இந்தப் பதிலில் இதைவிட முக்கியமான பகுதி வேறில்லை. மூச்சு விட வேண்டும் என்ற உந்துதலை எழுப்புவது பெரும்பாலும் குருதியில் சேரும் கார்பன் டை ஆக்சைடுதான். ஆக்சிஜன் குறைவதை உடம்பு அவ்வளவு தெளிவாக அறிவிப்பதில்லை. ஓராண்டுப் பயிற்சியில் உங்களுக்குள் ஒரு வரைபடம் உருவாகியிருக்கும்: இந்த இடத்தில் முதல் உதரவிதானத் துடிப்பு (மூச்சு விடும் உந்துதலால் உதரவிதானம் தானாகச் சுருங்குவது) வரும், இந்த இடத்தில் தொடை கனக்கும், இதற்குப் பிறகு இத்தனை மீட்டர் போகலாம். அந்த வரைபடம் பழைய துடுப்பைக் கொண்டு, பழைய வேகத்தில் வரையப்பட்டது. புதிய துடுப்பில் வேகம் வேறு, தசைகள் வேலை செய்யும் விகிதம் வேறு. முதல் துடிப்பு வழக்கமான நேரத்திலேயே வந்தாலும், அதற்குள் நீங்கள் அதிக தூரம் போயிருப்பீர்கள். நன்றாக இருக்கிறது என்ற உணர்வு உங்களை மேலும் தள்ளும். அடுத்த சுவர் அருகில் தெரியும். பழைய அடையாளங்களை நம்பிப் புதிய தூரத்துக்குப் போகிறவர் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மயங்கக்கூடும். நீந்துவதற்கு முன் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்கிக்கொண்டால் ஆபத்து இரட்டிப்பாகும், ஏனெனில் அது எச்சரிக்கையைத் தரும் கார்பன் டை ஆக்சைடைத்தான் வெளியேற்றுகிறது. ஆக்சிஜன் இருப்பைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டுவதில்லை.

தனியாக ஒருபோதும் நீந்தக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மோனோஃபினில் அதற்குமேல் சில உண்டு. உங்கள் துணையாள் முன்பு சாதாரணமாக உங்களோடு வர முடிந்திருக்கும், இப்போது பின்தங்கிவிடுவார். அவரும் துடுப்புப் போட்டு, ஸ்நார்க்கல் என்னும் மூச்சுக் குழாயோடு மேற்பரப்பில் உங்கள் தோளுக்கு நேர் மேலே வர முடிகிறதா என்று முதல் நாளே சோதியுங்கள். முடியவில்லை என்றால் நீங்கள் வேகத்தைக் குறைக்க வேண்டும். அடுத்து, மயங்கியவரின் கால்களில் அகன்ற தகடு இருந்தால் அவரை மல்லாக்கத் திருப்புவது கடினம். எனவே துடுப்பைப் போட்ட நிலையிலேயே மீட்புப் பயிற்சியைச் சில முறை செய்து பாருங்கள்: மேலே கொண்டுவருவது, முகத்தை நீருக்கு மேல் வைத்திருப்பது, மூக்குக் கவ்வியையும் கண்ணாடியையும் அகற்றுவது, கன்னத்தைத் தட்டி, முகத்தில் ஊதி, பெயர் சொல்லி மூச்சு விடச் சொல்வது. மேலே வந்த பிறகும் மயக்கம் வரலாம் என்பதால் குறைந்தது 30 வினாடி துணையாள் கை எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். இரண்டு கால்களும் பூட்டப்பட்டிருப்பதால் உங்களால் நினைத்தவுடன் தரையில் ஊன்றி நிற்க முடியாது. ஒவ்வொரு முறையும் சுவரையோ தடக் கயிற்றையோ பிடித்தபடிதான் மேலே வர வேண்டும், பிடித்த பிறகே, மேலே வந்ததும் இயல்புநிலைக்குத் திரும்ப நீங்கள் எடுக்கும் மீட்பு மூச்சுகளைத் தொடங்க வேண்டும்.

இனி பழகும் ஒழுங்கு. முதல் சில நாள்கள் மூச்சடக்கவே வேண்டாம். முகத்துக்கு முன்னால் நிற்கும் ஸ்நார்க்கல் ஒன்றைப் போட்டுக்கொண்டு, மேற்பரப்பில் 25 மீட்டர்களாக, நடுவே நன்றாக ஓய்வெடுத்து நீந்துங்கள். மூச்சுக் கவலை இல்லாதபோதுதான் உதை எங்கிருந்து தொடங்குகிறது, முழங்கால் மடங்குகிறதா, தலை ஆடுகிறதா என்று கவனிக்க மனம் இருக்கும். மொத்த நேரம் 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பாதமும் இடுப்பும் அன்றைக்குச் சொல்வதைவிட மறுநாள் சொல்வதே உண்மை. அதன் பிறகு நீருக்கடியில் 25 மீட்டர், அடுத்த முறைக்கு முன் மூச்சு முழுவதும் அடங்கும் வரை ஓய்வு. இங்கே ஒன்று அல்லது இரண்டு உதை, பிறகு உடம்பை நேராக்கி வழுக்கல், வேகம் குறையத் தொடங்கும் அந்த நொடியில் அடுத்த உதை என்ற முறையைப் பழகுங்கள். வழுக்கலை நீட்டித்து ஏறக்குறைய நின்றுவிட்ட பிறகு உதைப்பதும் வீண்தான். நின்றுபோன வண்டியை மறுபடி தள்ளுவது போல அது அதிகம் கேட்கும். தொடர்ந்து மெல்ல உதைப்பதே தமக்கு ஏற்றது என்று காணும் நல்ல நீச்சல்காரர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் பழகிப் பார்த்து உங்கள் தொடைகள் எதை விரும்புகின்றன என்று முடிவு செய்யுங்கள்.

துடுப்பை மதிப்பிட, ஒவ்வொரு நாளும் ஒரே நிலையில் ஒரே அளவீட்டைச் செய்யுங்கள். உடம்பு சூடேறிய பிறகு, நீருக்கடியில் 25 மீட்டர், உங்கள் பழைய துடுப்பில் ஆன அதே நேரத்தில். எத்தனை உதைகள் என்று துணையாள் எண்ணட்டும். பக்கவாட்டிலிருந்து காணொளி எடுக்கட்டும். அதே நாளில் பழைய துடுப்பிலும் அதே நேரத்துக்கு ஒருமுறை நீந்தி, முடித்தவுடன் தொடைகள் எப்படி இருந்தன என்று இரண்டுக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள். சில வாரங்களில் மோனோஃபினின் உதை எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நிலைத்துவிடும். அது நிலைத்த பிறகு கிடைக்கும் ஒப்பீடுதான் துடுப்பைப் பற்றியது; அதற்கு முன் கிடைப்பதெல்லாம் நீங்கள் பழகும் வேகத்தைப் பற்றியது. அந்த நிலையிலும் தொடை முன்பைவிடச் சீக்கிரம் கனத்தால், காணொளியில் தகடு வளையாமல் இருந்தால், தோளும் உதையும் சரியான பிறகும் இடுப்பு பிடித்தால், மென்மையான தகட்டுக்கு மாறுங்கள். இவை தணிந்திருந்தால் இந்தத் தகட்டையே வைத்துக்கொள்ளலாம்.

திருப்பங்களைப் பற்றிச் சுருக்கமாக. 25 மீட்டர்க் குளத்தில் மோனோஃபினோடு திரும்புவதற்கு இடம் அதிகம் தேவை. ஒரு கையால் சுவரைத் தொட்டு, முழங்கால்களை மார்புக்குக் கொண்டுவந்து, உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்துத் திரும்பி, தகட்டின் பரப்பு முழுவதும் சுவரில் படிந்த பிறகே தள்ளுங்கள். முனை மட்டும் படும்போது தள்ளினால் தகடு பிளக்கும். இதை முதலில் மூச்சடக்காமல் தனியாகப் பழகுங்கள். போட்டிக் குளங்களில் ஒரு தடத்தின் அகலம் 2.5 மீட்டர், தகட்டின் அகலம் முக்கால் மீட்டரை நெருங்கும் என்பதால் வேறு ஒருவரோடு தடத்தைப் பகிர வேண்டாம், விளிம்பு பிறர் மேல் பட்டால் காயப்படுத்தும். தரையில் துடுப்போடு நடக்கவோ, துடுப்போடு குதிக்கவோ கூடாது. ஓரத்தில் உட்கார்ந்து மாட்டி, அப்படியே இறங்குங்கள். குளோரின் போக நன்னீரில் அலசி, வெயில் படாத இடத்தில், மேலே சுமை எதுவும் வைக்காமல் தட்டையாகப் படுக்க வையுங்கள். தகட்டின் விளிம்பில் வெண்ணிறக் கோடுகளோ இழை பிரிவதோ தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் விரலால் தடவாமல் கண்ணால் பாருங்கள்; பிரிந்த கண்ணாடியிழை தோலில் ஏறினால் எடுப்பது கடினம்.

தூரத்துக்கு எப்போது போகலாம் என்ற கேள்வி மிஞ்சியிருக்கிறது. நாள் கணக்கில் விடை சொல்ல மாட்டேன். பாதம் மரத்துப்போகாமல், மறுநாள் இடுப்பு பிடிக்காமல், உதை எண்ணிக்கை நிலைத்து, துணையாள் உங்களோடு சிரமமின்றி வர முடிகிறபோது, முதலில் 50 மீட்டரைப் புதிய துடுப்பின் தூரமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முதல் துடிப்பு எந்த நேரத்தில், எந்த இடத்தில் வருகிறது என்று பல நாள்கள் குறித்து வையுங்கள். அது ஏறக்குறைய ஒரே இடத்தில் வரத் தொடங்கிய பிறகு 5, 10 மீட்டர்களாக நீட்டலாம். பழைய 75 மீட்டருக்குத் திரும்பி வரும்போது அதைப் பழைய சாதனையின் தொடர்ச்சியாகக் கருத வேண்டாம். புதிய துடுப்பில் முதன்முறையாக எட்டும் தூரமாகவே கருதி, முழுப் பாதுகாப்போடு நீந்துங்கள். பாத உறையின் வகையையும், உங்கள் உயரம், எடையையும், பக்கவாட்டில் எடுத்த ஒரு 25 மீட்டர்க் காணொளியையும் அனுப்பினால், விறைப்பைப் பற்றி இதைவிடக் குறிப்பாகச் சொல்ல முயல்கிறேன்.